தேவையில்லாத நெடுவரிசைதானே... டெலீட் பண்ணலாமா?

கடந்த மழைக்காலத்தில் அணைகளின் நிலவரத்துக்காக எங்கள் டெஸ்க்கில் ஓர் எக்செல் ஃபைல் வைத்திருந்தோம். அணையின் பெயர், நீர்மட்டம், முழுக் கொள்ளளவு உயரம், நீர்வரத்து, வெளியேற்றம் என 5 நெடுவரிசைகள். மேட்டூர் என்றால் 120 அடி. அது தினமும் மாறப்போவதில்லை. ‘இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?’ என்று மூன்றாவது நெடுவரிசையை டெலீட் பண்ணினேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் கார்டில் ‘நீர்வரத்து’ என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது வெளியேற்றத்தின் கணக்கு. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனிக்கும் எண் அது. ஒரு வாசகர் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

என்ன நடந்தது?

கார்டுக்கான எண்ணை இன்னொரு ஷீட்டில் இருந்த ‘வி-லுக்கப்’ ஃபார்முலா எடுத்துக் கொடுத்தது. அதற்குத் தலைப்பெல்லாம் தெரியாது. ‘4-வது நெடுவரிசையில் இருப்பதைக் கொடு’ என்று எழுதியிருந்தோம், கொடுத்தது. நடுவில் ஒன்று போனதும், 4-வது இடத்துக்கு வெளியேற்றம் நகர்ந்துவிட்டது. ஃபார்முலாவில் இருந்த 4 மட்டும் 4-ஆகவே இருந்தது.

ஃபார்முலா நேரடியாகச் சுட்டும் செல்லை நீக்கினால் ‘#ரெஃப்!’ என்று எக்செல் கத்தும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். கத்தாமல் தப்பான எண்ணைக் காட்டுவதுதான் ஆபத்து. கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான். வேறு ஃபைலிலிருந்து ‘இம்போர்ட்ரேஞ்ச்’ மூலம் எடுத்தால், ‘ஏ முதல் டி வரை’ என்பது அங்கே வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். மூல ஃபைலில் நெடுவரிசை நகர்ந்தாலும் அது தானாக மாறாது.

எப்படிச் சரிபார்ப்பது?

* எக்செல்லில் அந்த நெடுவரிசையின் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்முலாஸ்’ டேபில் ‘டிரேஸ் டிபெண்டன்ட்ஸ்’ கொடுங்கள். அதை நம்பியிருக்கும் செல்களுக்கு அம்புக்குறி போகும். வேறு ஷீட் என்றால் சின்ன ஐகானுடன் கறுப்புக் கோடு வரும். ஒரு செல்லோடு நிறுத்தாமல் நாலைந்தைப் பாருங்கள். மூடியிருக்கும் ஃபைல்களை இது காட்டாது.
* ஃபைலை காப்பி எடுத்து, காப்பியில் டெலீட் பண்ணுங்கள். பழைய மொத்தமும் புதிய மொத்தமும் ஒன்றா என்று பாருங்கள்.
* ஒரிஜினலில் முதலில் ‘ஹைட்’ மட்டும் செய்யுங்கள். ஃபார்முலா எதுவும் உடையாது. ஆனால், அதைத் தினமும் பார்க்கும் மனிதர் யாராவது இருந்தால், ‘அது எங்கே போச்சு?’ என்று கேட்டு வருவார்.

மூன்றும் ஒரே வேலை இல்லை. முதல் இரண்டும் ஃபார்முலாக்களைக் காட்டிக்கொடுக்கும், மூன்றாவது மனிதர்களை.

இதெல்லாம் ஓவர் இல்லையா?

‘ஒரு நெடுவரிசைக்கு இவ்வளவு சடங்கா?’ என்று கேட்கலாம். ‘அன்டூ’ இருக்கிறதே என்றும் சொல்லலாம். தப்பு நடந்தது தெரிந்தால்தானே அன்டூ! டேட்டாபேஸ் உலகில் இதை மனிதரின் ஞாபகத்துக்கு மட்டும் விட்டுவைப்பதில்லை. போஸ்ட்கிரெஸில் ஒரு நெடுவரிசையை நம்பி ஒரு ‘வியூ’ இருந்தால், நீக்கும் கட்டளையை அது மறுத்துவிடும். நம்பியிருப்பதையும் சேர்த்து நீக்கு என்று ‘கேஸ்கேட்’ போட்டுக் கேட்டால்தான் நகரும். எக்செல் அப்படி மறுப்பதில்லை. எனவே மறுக்க வேண்டியது நாம்தான்.

டீமில் பலர் பயன்படுத்தும் ஷீட்டில் தனியாக முடிவெடுத்து டெலீட் பண்ணுவதைச் சுத்தம் செய்வது என்று சொல்ல முடியாது. ‘இது தேவையில்லை’ என்று நாம் சொல்லும்போது, ‘எனக்குத் தேவையில்லை’ என்பதுதான் அதன் அர்த்தம். குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டு, ஒரு வாரம் ஹைட் பண்ணி வைத்தால் என்ன குறைந்துவிடும்? அன்றைக்கு நான் மிச்சப்படுத்தியது ஒரே ஒரு நெடுவரிசையின் அகலம். அதற்கு அரை மணி நேரம் தப்பான எண்ணை வாசகர்களிடம் கொடுத்திருக்கக் கூடாது.