வெயில் மேல பழியைப் போடாதீங்கய்யா!

டிஸ்கி: பார்க்க தொழில்நுட்பப் பதிவு மாதிரி தெரியும். நம்பிடாதீங்க. இது முழுக்க முழுக்க வயித்தெரிச்சல் பதிவு.

மக்களே, "கம்ப்யூட்டர் சூடாகி தானா ஆஃப் ஆகுது"ன்னு நம்ம ஊர்ல யார்கிட்ட போய்ச் சொன்னாலும் கிடைக்கிற முதல் பதில், "வெயில் சார்". அது முடிஞ்சா ரெண்டாவது பதில், "பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க". மூடியைக் கழட்டி உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கலாம்னு ஒருத்தருக்கும் தோணாது. அந்த ஒருத்தர்ல நானும் ஒருத்தன்ங்கறதுதான் இந்தப் பதிவோட சோகம்.

எங்கப்பா விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு எல்லாம் எடுத்து, 12க்கு 36 ஷீட்டா டிசைன் பண்ணி லேபுக்கு அனுப்பணும். 2018ல அசெம்பிள் பண்ணி வாங்கின பொட்டி. ஐ5 8400, ஆறு கோர். ஆல்பம் வேலைக்கு இன்னைக்கும் தாராளமா போதும்.

2025 சித்திரையில அது படுக்க ஆரம்பிச்சுது. நாலு ஷீட்டை சேர்ந்தாப்ல சேவ் பண்ணினா பொட்டுனு அணைஞ்சிடும். கடைக்காரர் வந்தார், கையை வச்சுப் பார்த்தார், "அக்னி நட்சத்திரம் வருதுல்லண்ணே, அப்படித்தான் இருக்கும். சைடு மூடியைக் கழட்டி டேபிள் ஃபேனை வைங்க"ன்னுட்டார். அப்பாவும் வச்சார். கொஞ்சநாள் ஓடிச்சு. ஃபேன் காத்தோட சேர்த்து ரோட்டுப் புழுதியையும் உள்ள தள்ளிக்கிட்டே இருந்தது. ஐப்பசி வந்துது, மழை கொட்டிச்சு, ஊரே ஸ்வெட்டர் தேடிச்சு. பொட்டி மட்டும் இன்னும் "வெயில்"ல அணைஞ்சுக்கிட்டே இருந்தது!

இப்ப வெயில் கதை எடுபடாதுல்ல? அதனால கதை மாறிச்சு. "விண்டோஸ் 10க்கு மூடுவிழா நடத்திட்டாங்கண்ணே. இந்த ப்ராசஸர்ல 11 ஏறாது. மதர்போர்டும் வீக்கா இருக்கு. புதுசு 46 ஆயிரம் ஆகும்."

இதுல பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல முடிஞ்சது நிஜம்தான். ஆனா இன்டெல் எட்டாம் தலைமுறையில இருந்துதான் விண்டோஸ் 11 ஏறும்னு மைக்ரோசாஃப்டே பட்டியல் போட்டிருக்கு. 8400 அந்தப் பட்டியல்ல இருக்கு. பாதி உண்மையை வச்சு முழுப் பொய்யை வித்துட்டுப் போயிட்டார் மனுசன்.

சரி, வீட்ல ஒரு மென்பொருள் பொறியாளர் இருக்காரே, அவர் என்ன பண்ணினார்? அப்பா ஃபோன் பண்ணினப்போ நான் மீட்டிங்ல மைக்கை மியூட்ல போட்டுட்டு, "ஏழு வருசமாச்சுல்லப்பா, வாங்கிடுங்க. நான் கொஞ்சம் அனுப்பறேன்"னேன். ஒரு கேள்வி கேக்கல. அப்புறம் ஆணி புடுங்குற மும்முரத்துல அனுப்பவும் மறந்துட்டேன். அப்பா கேக்கற ஆள் இல்ல.

கார்த்திகைக்கு ஊருக்குப் போறேன், அம்மா கையில வளையல் இல்ல. ரெண்டும் பேங்க்ல இருக்கு. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு, மிச்சம் பீரோவுல. புதுப் பொட்டி வர்ற வாரம் வருதாம்.

அன்னைக்கு ராத்திரிதான் முதல்முதலா சூடு எவ்வளவுன்னு பார்த்தேன். 'கோர் டெம்ப்'னு ஒரு இலவச மென்பொருள், இறக்கறதுக்கு ரெண்டு நிமிசம்கூட ஆகல. சும்மா இருக்கும்போதே 71 டிகிரி. ஒரு ஷீட்டை சேவ் பண்ணச் சொன்னேன். பத்து செகண்டுல 100. இந்த ப்ராசஸருக்கு அதுதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். 3.8 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது பாதிக்கும் கீழ நொண்டிச்சு. அதுக்கு மேலயும் சூடு ஏறினா தன்னைக் காப்பாத்திக்க மொத்தமா அணைச்சுக்கும். எட்டு மாசமா அது அணைஞ்சது ரிப்பேர் இல்லைங்க, தற்காப்பு!

திறந்தேன். கூலரோட ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவுல கம்பளி மாதிரி தூசி, உரிச்சா ஒரே துண்டா வருது. கூலரை போர்டோட பிடிச்சிருக்கிற நாலு பிளாஸ்டிக் காலுல ஒண்ணு மேல எகிறி நிக்குது. தூக்கிப் பார்த்தா பேஸ்ட் செவுத்துல காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிருது.

அந்த பேஸ்ட் எதுக்குன்னா, ப்ராசஸர் மூடியும் கூலர் அடிப்பாகமும் பார்க்க வழவழன்னு இருந்தாலும் ரெண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. பள்ளத்துல இருக்கிற காத்து சூட்டைக் கடத்தாது. அலுமினியத்தோட ஒப்பிட்டா பல ஆயிரம் மடங்கு மோசம். அந்தக் காத்தை வெளியேத்தி இடத்தை நிரப்புறதுதான் பேஸ்ட். அது காய்ஞ்சு, ஒரு மூலையும் தூக்கிக்கிச்சுன்னா, அண்டார்டிகாவுல கொண்டுபோய் வச்சாலும் உங்க ப்ராசஸர் வேகத்தான் செய்யும்.

செலவு: பேஸ்ட் முன்னூத்தி சொச்சம், துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நூத்தம்பது, பெயிண்ட் பிரஷ் நாப்பது. ஒன்றரை மணி நேரம், அதுல பாதி தும்மல். இப்ப சும்மா இருக்கும்போது 38, முழுவேலையில 72.

இனி அந்த வெயில் கணக்குக்கு வருவோம். நான் அளந்தப்போ ரூம் சூடு கிட்டத்தட்ட 28. ப்ராசஸர் 72. வித்தியாசம் 44. அதே கூலர், அதே வேலைன்னா இந்த வித்தியாசம் பெருசா மாறாது. மே மாசம் ரூம் 40க்குப் போனா ப்ராசஸர் 84க்குப் போகும். இன்னும் 16 டிகிரி பாக்கி இருக்கு! அஞ்சாங்கிளாஸ் கூட்டல் கணக்குங்க இது. வெயில் கடைசிப் பத்துப் பன்னெண்டு டிகிரியைத்தான் ஏத்தும், மிச்சத்தை ஏத்தினது நம்ம சோம்பேறித்தனம். "ஏசி ரூம்ல வைங்க சார்"னு அட்வைஸ் பண்றவங்க இந்தக் கூட்டலைப் போட்டுட்டு வந்து பேசுங்க.

இன்னொரு கோஷ்டி, "லிக்விட் கூலர் போட்டா எல்லாம் சரியாயிடும்"பாங்க. 65 வாட் ப்ராசஸருக்குத் தண்ணி பம்ப்பா? பெட்டிக்கடைக்கு ஜெனரேட்டர் வைக்கிற கதை. தவிர, அதுக்கு அடியிலயும் அதே பேஸ்ட்தானே!

கம்பெனிக்காரங்க மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2001ல டாம்ஸ் ஹார்டுவேர்காரங்க ஓடிக்கிட்டிருந்த ப்ராசஸர் மேல இருந்து கூலரைக் கழட்டி வீடியோ போட்டாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு தாக்குப் பிடிச்சுது. ஏஎம்டி அத்லான் புகை விட்டுச்சு. அதுக்கப்புறம் பாதுகாப்பு வந்துது, கூடவே பேராசையும் வந்துது. 2022ல வந்த ரைசன் 7000 வரிசை முழுவேலையில 95 டிகிரியைத் தொடும், அப்படித்தான் வடிவமைச்சிருக்கோம்னு ஏஎம்டியே சொல்லிச்சு. 2024ல இன்டெலோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கிக் கெட்டுப்போன விவகாரம் வெடிச்சுது. ஆகஸ்டுல திருத்தம் விட்டாங்க, வாரண்டியை ரெண்டு வருசம் நீட்டினாங்க, ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தத்தால சரி பண்ண முடியாதுன்னும் ஒத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி ப்ராசஸர் வச்சிருக்கிறவங்க பேஸ்ட் தடவறதோட நிறுத்தாதீங்க, பயாஸைப் புதுப்பிங்க.

ஆனா நம்மூர்ல செத்துப்போனதா அறிவிக்கிற பொட்டி எல்லாம் அந்த ரகமா? எனக்கு நம்பிக்கை இல்ல. கடைக்காரரையும் முழுசா திட்ட மனசு வரல. தூசி தட்டி முன்னூறு ரூவா கேட்டா "இதுக்கா முன்னூறு?"ன்னு நாமதான் பேரம் பேசறோம். அதே ஆள் 46 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தா வாயை மூடிக்கிட்டு வளையலைக் கழட்டறோம். (அதுக்காகப் பொய் சொல்லலாமாய்யா? நற நற...)

நான் அதிகமா திட்ட வேண்டியது நம்மளைத்தான். நாலு வருசம் இன்ஜினியரிங். முதல் வருசம் வொர்க்‌ஷாப்ல மரம் இழைச்சேன், தகரம் வெட்டினேன். ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து இதான் ப்ராசஸர், இதுக்கு மேல பேஸ்ட் தடவணும்னு ஒருத்தர் காட்டல, நானும் கேக்கல. அப்பாவோட பொட்டியில "பிரித்தால் வாரண்டி கிடையாது"ன்னு ஒரு ஸ்டிக்கர். வாரண்டி முடிஞ்சு ஆறு வருசமாச்சு, அந்த ஸ்டிக்கருக்கு மட்டும் வீட்ல எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தாங்க, என்னையும் சேர்த்து.

அட்வான்ஸ் திரும்பி வரல. "பணமா தர முடியாதுண்ணே, பொருளா எடுத்துக்கங்க"ன்னுட்டார். யுபிஎஸ்ஸும் ஒரு ஹார்ட் டிஸ்கும் எடுத்துட்டு வந்தோம். பத்தாயிரத்தையும் வட்டியையும் நான் போட்டு வளையலை மீட்டாச்சு. அப்பா இப்ப பிபி செக் பண்ற மாதிரி காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை சூடு பார்க்கறார். போன வாரம் கேட்டார்: "ஏன்டா, அந்தச் சூடு காட்டுற சாஃப்ட்வேரை நீ சித்திரையிலயே ஃபோன்ல சொல்லியிருக்கலாம்ல?"

மைக் மியூட்ல இருந்துதுப்பான்னு சொல்ல முடியுமா?

சரி மக்களே, கிளம்புங்க. இன்னைக்கே உங்க வீட்டுப் பொட்டி எத்தனை டிகிரியில ஓடுதுன்னு பாருங்க. திறக்கறதா இருந்தா கரண்ட் ஒயரை முதல்ல பிடுங்கிடுங்க. தூசி ஊதும்போது ஃபேனை ஒரு விரலால பிடிச்சுக்குங்க, இல்லன்னா தறிகெட்டுச் சுத்தும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். தோசைக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி ஊத்திட்டு என்னைத் திட்டாதீங்க :-)