மேடை ஏறும் பிள்ளைக்கும் வேலி வேண்டும்

பாலர் பாடசாலைக்குக் கூரை போடவோ, மாணவருக்குக் கொப்பிகள் வாங்கவோ பணம் தேவைப்படும்போது, “உதவிக் கலைவிழா ஒன்று வைப்போம்” என்று எமது சங்கங்கள் முன்வருகின்றன. நிவாரணத்தை மட்டும் நம்பியிராமல் நாமே நிதி திரட்டுவது பாராட்டுக்குரியது. ஆயினும் இவ்விழாக்களில் ஆடுவோரும் பாடுவோரும் பெரும்பாலும் சிறுவர்களே. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பாளரை நியமிக்கும் நாம், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யாரை நியமிக்கிறோம்?

“எல்லோரும் எங்கட ஆக்கள்தானே, இதற்கு ஏன் விதிமுறை?” என்று சிலர் கேட்பர். சொந்த ஊரில், வரம்பில் நடந்து போகும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பது வயலில் நின்ற அனைவருக்கும் தெரியும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலும் மக்கள் இடம்பெயர்ந்தபோது காணிகள் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. ஊராரின் அந்தக் காவலும் சிதறிப் போயிற்று. பல ஊரவர் கலந்து வாழும் இடத்தில் அக்காவலை எழுதிய விதிகளாலேயே மீளக் கட்டவேண்டும். மேலும், சிறுவருக்குத் தீங்கு செய்வோரில் பெரும்பாலானோர் அவர்கள் அறிந்து நம்பியவர்களே. வேலி அடைப்பவர் அயலவரைக் கள்ளர் என்று சொல்வதில்லை. விதிமுறையும் அத்தகையதே.

விதிகள் பல தேவையில்லை. பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். ஒத்திகையில் எப்போதும் இரு பெரியவர்களாவது இருக்க வேண்டும்; பொழுதுபடுமுன் அதனை முடித்து, பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். உடைமாற்றும் இடம் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகவும் மறைவாகவும் இருத்தல் அவசியம். அங்கு கைத்தொலைபேசிக்கு இடமில்லை. சிறுவரைத் தனியே வீடுவீடாக அனுப்பி நுழைவுச்சீட்டு விற்கலாகாது. பிரதம விருந்தினர் வரும்வரை அவர்களை வெயிலில் நிறுத்திவைப்பதும் தகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. “இப்பிள்ளை தகப்பனை இழந்தது” என்று ஒலிபெருக்கியில் பெயர்சொல்லி, முகத்தைப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அப்பணத்தால் கூரை போடலாம். ஆனால் மறுநாள் வகுப்பில் கூனிக்குறுகி இருக்கப்போவது அந்தப் பிள்ளை. பிள்ளையின் கண்ணீரைக் காட்டிக் காசு சேர்ப்பது விதைநெல்லைக் குற்றிச் சமைப்பது போன்றது. பிள்ளையின் திறமையைக் காட்டுவோம். தேவையைப் பெரியவர்களே எடுத்துச் சொல்வோம்.

இது வெறும் நல்லெண்ணம் அன்று. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையின் கருத்துக்கும் அந்தரங்கத்துக்கும் மதிப்பளிக்கக் கோருகிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்ட எவரும் அச்சட்டத்தின்படி சிறுவரே. பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், அதட்டாமல் கேட்டு, 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஊர்மானம் கருதிச் சமரசம் பேசி மூடிவிடுவது அடுத்த பிள்ளையையும் ஆபத்தில் தள்ளும்.

எனவே, அடுத்த விழாக் கூட்டத்தில் நுழைவுச்சீட்டின் விலையைத் தீர்மானிக்கும் முன், இவ்விதிகளை ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளர் இருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பிள்ளைகளிடமும் அவர்களை அறிமுகப்படுத்துங்கள். இதற்குப் பணம் செலவாகாது.