650 ரூபாய் கூடையில் கைக்கு வந்தது எவ்வளவு? ஓர் ஆன்லைன் கடையின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

"ஏம்மா, நீ நாள்பூரா மொபைல்லயே வேலை பாக்குறவ. என் கடையை மூடிடலாமா, வேணாமான்னு பாத்துச் சொல்லேன்."

வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் இப்படித்தான் கேட்டார். ஒயர்கூடை பின்னுவதில் கெட்டிக்காரர். நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் டி.வி பார்த்துக்கொண்டே பின்னுவார். சிவன் கண் கூடைக்குத்தான் கொஞ்சம் நேரமெடுக்கும். கடந்த 3 வருடங்களாக ஓர் ஆன்லைன் தளத்தில் விற்கிறார். முதல் வருடம் நன்றாகப் போனது. இப்போது மாதத்துக்கு நாலைந்து கூடை போனாலே அதிகம்.

அக்காவிடம் ஒரு திட்டமும் இருந்தது. "தீபாவளிக்கு 30 பர்சன்ட் தள்ளுபடி போட்டா ஆர்டர் வரும்ல?"

தள்ளுபடி போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

நோட்டில் எழுதியது

கூடை விலை 650 ரூபாய், டெலிவரி இலவசம். ஒயருக்கு 180. அட்டைப்பெட்டி, டேப்புக்கு 25. கூரியருக்கு 190. தளத்தின் கமிஷன் 65. மிச்சம் 190 ரூபாய்.

"பரவால்லையே, 190 நிக்குதே" என்றார் அக்கா.

"ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுக்கா?"

விரல்விட்டு எண்ணினார். 9 மணி நேரம். அதாவது மணிக்கு 21 ரூபாய். 8 மணி நேரம் பின்னினால் 169 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26-ம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். கைவேலைக்காரருக்கு அதில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

30 சதவிகிதத் தள்ளுபடி கொடுத்தால்? விலை 455. கமிஷன் சுமார் 45. ஒயரும் பெட்டியும் கூரியரும் அதே செலவுதான். மிச்சம் 15 ரூபாய். 9 மணி நேர வேலைக்கு 15 ரூபாய்! ஆர்டர் குவிந்திருந்தால் அக்கா தீபாவளி முழுக்கத் தூங்காமல் பின்னி நஷ்டப்பட்டிருப்பார்.

நிறைய கைவினைக் கடைகள் படுப்பது இந்த இடத்தில்தான். பொருளுக்கு ஆன செலவை எழுதுகிறோம். நம் கை உழைத்த நேரத்தை எழுதுவதில்லை.

காற்றுக்குக் கட்டிய காசு

அடுத்த கேள்வி, ஒரு கிலோகூட இல்லாத கூடைக்கு 190 ரூபாய் கூரியரா?

பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுக்கின்றன. அந்த எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். அக்காவின் பெட்டி 30-க்கு 20-க்கு 30. பெருக்கினால் 18,000. வகுத்தால் 3.6 கிலோ. கூடைக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் இத்தனை நாளாகக் காசு கட்டியிருக்கிறார்.

கமிஷன் பிரச்னை உலகம் முழுக்க இருக்கிறது. கைவினைப் பொருட்களுக்கென்றே 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி தளம், 2022 ஏப்ரலில் கமிஷனை 5-லிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தியபோது, விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் ஆன்லைன் கடைகளை அடைத்துப் போராடினார்கள். கமிஷன் நம் கையில் இல்லை. எதை விற்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

கொட்டான் சொல்லும் பாடம்

கூடைக்கு இப்படி ஒரு சோதனை வருவது புதிதும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பனை ஓலையில் பின்னும் கொட்டான் இல்லாமல் கல்யாணம் இருக்காது. பிளாஸ்டிக் வந்ததும் அது மறையத் தொடங்கியது. நம் ஒயர்கூடையும் அந்த பிளாஸ்டிக்கின் பிள்ளைதான் என்பது வேறு விஷயம்! பின்னத் தெரிந்தவர்கள் வயதானவர்கள் மட்டுமே என்ற நிலையில், 2000-ல் விசாலாட்சி ராமசாமி தன் எம்.ஆர்.எம்.ஆர்.எம் கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் மூலம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். புதிய நிறங்கள், புதிய அளவுகள் வந்தன. கொட்டான் பரிசு கொடுக்கும் பொருளாகவும் ஆனது. யுனெஸ்கோவின் தரச் சான்றும் கிடைத்தது. பின்னல் மாறவில்லை. அதற்கான தேவையைத்தான் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

அக்கா செய்த 4 மாற்றங்கள்

1. பெரிய கூடைகளுக்கு வெளியூர் டெலிவரி நிறுத்தம். தளத்திலிருந்தும் எடுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்து, வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். பெட்டி, கூரியர், கமிஷன் மூன்றும் இல்லாததால், அதே 650-ல் 470 ரூபாய் நிற்கிறது. 8 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 418 ரூபாய். விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

2. வெளியூருக்குத் தட்டையான பொருட்கள். மொபைல் பவுச், பர்ஸ். கொலு, வளைகாப்புக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் குட்டிக்கூடைகள், 25 எண்ணிக்கையிலிருந்து. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒரே பெட்டி.

3. 'அழகிய கூடை' என்று மட்டும் இருந்த விவரத்தில், 'ரெண்டு டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் பாட்டில் வைக்கலாம்' என்று சேர்த்தோம். பக்கத்திலேயே டிபன் பாக்ஸ் வைத்து ஒரு போட்டோ.

4. பழைய வாடிக்கையாளர்கள் 40 பேருக்கு ஒரு மெசேஜ். 3 வருடத்தில் ஒருவரைக்கூட அக்கா திரும்பக் கூப்பிட்டதில்லை!

ஆன்லைன் கடை என்றால் டெல்லிக்கும் மும்பைக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் வரும் ஊர் இது. முன்பே மொபைலில் கூடையைப் பார்த்து, நிறம் சொல்லி ஆர்டர் செய்துவிட்டு, கிரிவலம் முடித்துப் போகும்போது வாங்கிக்கொண்டு போகலாமே!

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்டு விற்பனை ஜி.எஸ்.டி வரம்பைத் தாண்டாத சிறு விற்பனையாளர்கள், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்க, 2023 அக்டோபர் 1 முதல் முழு ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். சிறு தொழிலுக்கான 'உத்யம்' பதிவு முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள், மகளிர் திட்ட அலுவலகத்தில் 'மதி' விற்பனை வாய்ப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

அக்கா கடையை மூடவில்லை. இந்த மாதம் 6 கூடைகள்தான் போயிருக்கின்றன. ஆறும் நேரில் வந்து வாங்கியவை. குட்டிக்கூடைக்கு ஒரு ஆர்டர் பேச்சில் இருக்கிறது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால், நேற்று மாலை பேரம் பேசிய ஒருவரிடம் அக்கா சொன்னது எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது.

"500-க்குக் கட்டாதுங்க. இதுல 9 மணி நேரம் இருக்கு."