இந்த முகவரி எங்கிருந்து வந்தது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்துவிட்டன. ஒப்புதல், அறிவிப்பு, அழித்தல் பற்றிய பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். அறிவிக்கையின்படி 2027 மே மாதம் அவை நடைமுறைக்கு வருகின்றன. விதிகள் வெளியானதிலிருந்து வாசகர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஏஐ உதவியாளரை வைத்து லீடுகளுக்கு ஆளுக்கேற்ற மெயில் எழுதி அனுப்புகிறோமே, அதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இன்று நம்மில் பலர் அதை அமைத்து வைத்திருக்கும் விதத்திலேயே தொடரவும் முடியாது. இதுதான் இந்த இதழின் நிலைப்பாடு. மாடலை மாற்றினாலோ ப்ராம்ப்டைச் செதுக்கினாலோ இது தீராது. சிஆர்எம்மில் நாம் காலியாக விட்டு வைத்திருக்கும் ஒரு ஃபீல்டில்தான் கோளாறு தொடங்குகிறது.

நம் துறையில் பெரும்பாலோர், பொதுவெளியில் இருக்கும் தரவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தரும் விலக்கை நம்பியிருக்கிறார்கள். லிங்க்டுஇன்னில் இருக்கிறது, கம்பெனி வலைத்தளத்தில் இருக்கிறது, எடுத்துக்கொண்டோம் என்பதோடு வாதத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். தரவு பொதுவெளியில் இருந்தால் மட்டும் போதாது. உரியவரே அதை அங்கே வைத்திருக்க வேண்டும், அல்லது ஏதேனும் ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் அது வெளியிடப்பட்டிருக்க வேண்டும். சட்டம் தரும் உதாரணமே, தன் கருத்துகளை எழுதும்போது தன் தகவலைச் சமூக ஊடகத்தில் தானே வெளியிட்ட ஒருவரைப் பற்றியதுதான். கோவையில் நடக்கும் ஒரு பொறியியல் கண்காட்சியின் கையேட்டில் பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அச்சாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் முதலாளி. தொகுத்தவர் கண்காட்சிக்காரர். பிடிஎஃப்பிலிருந்து உருவி விற்றவர் டேட்டா வியாபாரி. அந்த மேனேஜரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விலக்கு கிடைக்காவிட்டால் ஒப்புதல் வேண்டும், அல்லது ஏழாம் பிரிவுக்குள் அடங்க வேண்டும். ஏழாம் பிரிவில் நமக்கு உதவக்கூடியது ஒன்றுதான்: குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக அவராகவே முன்வந்து தந்த தரவு. ஸ்டாலுக்கு வந்து, விசிட்டிங் கார்டைக் கொடுத்து, கொட்டேஷன் அனுப்புங்கள் என்று சொன்னவர் அதில் வருவார். ஐரோப்பிய ஜிடிபிஆரில் இருக்கும் ‘நியாயமான நலன்’ என்ற அடிப்படை நம் சட்டத்தில் இல்லை. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பதவி, அலுவலக எண், அலுவலக மெயில் போன்ற தொழில்முறைத் தொடர்புத் தகவலைத் தனியாகப் பிரித்து வெளியே வைத்திருக்கிறது. அப்படி ஒரு வரியும் இங்கே இல்லை. பெயர் தாங்கிய அலுவலக முகவரி, சட்டத்தின் சொற்படி, தனிநபர் தரவுதான்.

வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கையாளப்படும் டிஜிட்டல் தரவுக்குச் சட்டம் பொருந்தும் என்கிறபோது, தரவுக்கு உரியவர் எந்த நாட்டவர் என்று அது கேட்கவில்லை. வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டவரின் தரவைக் கையாளும் ஏஜென்சிகளுக்கு 17ஆம் பிரிவில் பெரும்பகுதி விலக்கு உண்டு. சொந்தப் பொருளை விற்க டெக்சாஸில் இருக்கும் ஒரு மேனேஜருக்குச் சென்னையிலிருந்து நேரடியாக மெயில் போடும் சாஸ் நிறுவனத்துக்கோ அந்த ஒப்பந்தம் இல்லை, விலக்கும் இல்லை. எங்கள் வாசிப்பு இதுதான். அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் முன் ஒப்புதல் இல்லாமலேயே அனுமதிக்கும் மெயிலுக்கு இந்தியச் சட்டம் ஒப்புதல் கேட்கும் நிலை இது.

இனி நடைமுறைக்கு வருவோம். அண்மையில் ஒரு நிறுவனம் தன் ஏஐ உதவியாளர் எழுதிய மெயிலை எங்களிடம் காட்டியது. நிறுவனம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ரசாயனம் விற்கிறது. மெயில் போனது திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் மேலாளருக்கு. முதல் வரி: ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் நோக்கிய உங்கள் தொலைநோக்குப் பயணத்தை நெடுநாளாக வியந்து கவனித்து வருகிறேன்.’ 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த ஊரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. ஜீரோ டிஸ்சார்ஜ் அங்கே பட்டறையைத் திறப்பதற்கான நிபந்தனை. அதற்கு வாங்கிய கடனும் அதோடு சேர்ந்தது. அதைத் தொலைநோக்கு என்று பாராட்டினால் படிப்பவருக்கு எப்படி இருக்கும்?

நெடுநாளாகக் கவனித்தவர் என்று யாரும் கிடையாது. என்ரிச்மென்ட் கருவி ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை உருவி நான்கு வரி கொடுத்திருக்கிறது. ப்ராம்ப்டில் ‘பாராட்டில் தொடங்கு, நெருக்கமான தொனியில் எழுது’ என்று இருந்திருக்கிறது. மேலாளரிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான்: ‘என் மெயில் ஐடியை உங்களுக்கு யார் கொடுத்தது?’ மெயிலை அனுப்பிய எஸ்டிஆர் (விற்பனைத் தொடர்புப் பிரதிநிதி) சிஆர்எம்மைத் திறந்து பார்த்தார். லீட் சோர்ஸ் என்ற இடத்தில் ‘லிஸ்ட் 3’ என்றிருந்தது.

அந்த மேலாளரின் கேள்வியைத்தான் இந்த இதழ் தொடக்கத்திலிருந்து கேட்டு வருகிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும்போது, உங்கள் முகவரி எனக்கு இப்படிக் கிடைத்தது என்று முதல் மெயிலிலேயே ஒரு வரி சொல்லுங்கள் என்று பலமுறை எழுதியிருக்கிறோம். ஜிடிபிஆரின் 14ஆம் உறுப்பு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது: தரவு உரியவரிடமிருந்து நேரடியாக வராதபோது, மூலத்தை, மிகத் தாமதமாக என்றாலும் முதல் தொடர்பின்போது, தெரிவித்தாக வேண்டும். நம் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கேட்கும் அறிவிப்பில் எந்தத் தரவு, எதற்காக, உரிமைகள் என்ன என்பதெல்லாம் உண்டு. எங்கிருந்து என்பது இல்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இது என்றே நாங்கள் கருதுகிறோம்.

கையால் எழுதிய காலத்தில் ஒரு எஸ்டிஆர் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் சில பத்து மெயில்களைத்தான் ஆளுக்கேற்றபடி எழுத முடிந்தது. எங்கிருந்து எடுத்தோம் என்பது அவர் நினைவிலாவது இருந்தது. ஏஐ உதவியாளரிடம் ஆயிரம் வரிசை கொண்ட ஷீட்டைக் கொடுத்தால் ஆயிரம் பேரையும் தனக்குத் தெரிந்தவர்போல எழுதிக் கொடுத்துவிடுகிறது. தகவல் இல்லாத இடத்தைப் பொருத்தமாகத் தோன்றும் வாக்கியத்தால் நிரப்புவது மொழி மாடலின் இயல்பு. மூலம் அழிந்துபோன பட்டியலும் இடைவெளியைக் கற்பனையால் நிரப்பும் கருவியும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூர் மெயில் சாட்சி.

ஆகவே உதவியாளரை அமைக்கும் வேலையை ப்ராம்ப்டிலிருந்து தொடங்காதீர்கள். லீட் பதிவிலிருந்து தொடங்குங்கள். முகவரி எங்கே கிடைத்தது, அதை அங்கே வைத்தவர் யார், எந்தத் தேதியில் எடுத்தோம், அவர் நம்மிடம் ஏதாவது கேட்டிருந்தாரா என்ற விவரங்கள் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். இவை காலியாக இருந்தால் அந்த லீட் சீக்வென்ஸுக்குள் நுழையவே கூடாது. அந்தத் தடையை ப்ராம்ப்டில் வைக்காமல், மாடலை அழைக்கும் முன்னாலேயே வொர்க்ஃப்ளோவில் வையுங்கள். அவரைப் பற்றிய தகவல்களை ஒரு பத்தியாகத் திணிக்காமல், ஒவ்வொன்றையும் அதன் மூலத்தோடு தனி வரியாகக் கொடுங்கள். ‘மூலம் உள்ளதை மட்டும் பயன்படுத்து, படித்தேன், கவனித்தேன், வியந்தேன் என்று எழுதாதே, தகவல் போதாவிட்டால் பொதுவான மெயிலாகவே எழுது’ என்பது கட்டளையாக இருக்கட்டும். கட்டளையை மாடல் மீறும். அதனால் எழுதி முடித்த மெயிலின் ஒவ்வொரு கூற்றையும் மூலத்தோடு ஒப்பிடும் இரண்டாவது சரிபார்ப்பு தேவை. அதற்குப் பிறகும் ஒரு பகுதியை மனிதர் படித்தே அனுப்ப வேண்டும். முகவரி எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் மூல வரியை மட்டும் மாடலிடம் விடாதீர்கள். அது பதிவிலிருந்து டெம்ப்ளேட் வழியாக மாற்றமின்றி இறங்க வேண்டும்.

தங்கள் தரவை அழிக்கச் சொல்பவர்களைப் பற்றி ஒரு குறிப்பு. முகவரியை முழுக்க அழித்துவிட்டால் அடுத்த பட்டியல் வழியாக அது திரும்ப வந்துவிடும். சப்ரஷன் லிஸ்டில் முகவரிக்குப் பதில் அதன் ஹாஷை மட்டும் வைப்பது இப்போதைக்கு நியாயமான வழி.

மூல வரி போட்டால் ரிப்ளை ரேட் விழும் என்கிறார்கள். விழலாம். ஆனால் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் சொல்லி வருகிறது. ‘யார் கொடுத்தது?’ என்று எரிச்சலடைபவர் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான். டொமைனின் பெயர் கெட்டால் ஒப்புதல் தந்த வாடிக்கையாளரின் இன்பாக்ஸையும் இழப்போம்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், ஒரே சொடுக்கில் அன்சப்ஸ்கிரைப் என்று நம் துறைக்கு இன்று இருக்கிற ஒழுங்கெல்லாம் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் என்ற தனியார் நிறுவனங்கள் விதித்தவை. நாட்டின் சட்டம் என்ன செய்தது? தொந்தரவு தரும் மெயிலையும், அனுப்புநரை மறைக்கும் மெயிலையும் தொட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. கருத்துரிமையை நெரித்த பிரிவு அது, போனது சரி. ஆனால் வணிக மெயிலுக்கென்று அளவான ஒரு சட்டத்தைப் பத்தாண்டு கடந்தும் யாரும் கொண்டுவரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எஸ்எம்எஸ்ஸுக்கு டிஎல்டி பதிவு வைத்தது, விளம்பரச் செய்தியின் ஹெடரிலேயே தனி எழுத்து போடவைத்தது. மெயில் அதன் எல்லைக்கு வெளியே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராகவே கருதுவதில்லை. ஆகவே சாயப்பட்டறை மேலாளருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

தரவுச் சட்டமாவது தெளிவு தந்திருக்கலாம். வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வந்தபோது, பொதுமக்கள் அனுப்பும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவித்தது. தொழில்முறைத் தொடர்புத் தகவல் பற்றி யார் என்ன கேட்டார்கள், ஏன் ஏற்கப்படவில்லை என்பது நம் யாருக்கும் தெரிய வழியில்லை. ஸ்டார்ட்அப்களுக்கு 17ஆம் பிரிவில் சலுகை தரும் அதிகாரம் இருக்கிறதே என்பார்கள். அது அறிவிப்புக் கடமையைத் தளர்த்தலாம், ஒப்புதலைத் தொடாது. பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர் கருத்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும். மூன்று பேரை வைத்து பம்ப்செட் விற்கும் கோவைக்காரர் யாரைக் கேட்பார்? தனியாகத் தொகை குறிக்கப்படாத மீறல்களுக்கு அபராத உச்சவரம்பு 50 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய எண்ணை எழுதத் தெரிந்தவர்களுக்கு, பெயர் தாங்கிய அலுவலக முகவரிக்கு முதல் மெயில் போடலாமா கூடாதா என்று ஒரு வரி எழுத நேரமில்லாமல் போனது எங்களுக்குக் கோபத்தையே தருகிறது.

அந்த ஒரு வரியை அமைச்சகம் 2027 மே மாதத்துக்கு முன் எழுத வேண்டும். மூலத்தைத் தெரிவித்தால் முதல் மெயில் ஒன்று அனுப்பலாம், மறுத்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று அது அமையுமானால் இந்தத் துறை அதை மனமார வரவேற்கும். அதுவரை காத்திருக்க இந்த இதழ் தயாராக இல்லை. அடுத்த இதழிலிருந்து, ஒவ்வொரு முகவரிக்கும் மூலம் காட்ட முடியாத லீட் பட்டியல்களின் விளம்பரங்களை நாங்கள் ஏற்பதில்லை. வெளியிடும் ப்ராம்ப்ட், வொர்க்ஃப்ளோ மாதிரிகளிலும் மூல ஃபீல்டு இல்லாத எதுவும் இடம்பெறாது.