அம்மா சொன்னதை அப்படியே சொல்வோமா?

எங்கள் சபையில் ஜெர்மன் நன்றாகத் தெரிந்த வாலிபர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரு வேலை உண்டு: பெற்றோரின் படிவங்களை நிரப்புவது. வரி, காப்புறுதி, இப்போது 'பாட்சியென்டன்ஃபெர்ஃபூகுங்' என்கிற நோயாளர் விருப்ப ஆவணமும். மற்றப் படிவங்களைப் போல இதை நாங்கள் நிரப்பக்கூடாது.

பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசுவது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பது இது. சுவிஸ் குடியியல் சட்டத்தின் 370 முதல் 373 வரையான பிரிவுகள் 2013 ஜனவரி 1 முதல் இதைக் காக்கின்றன. எழுத்தில் இருந்து, திகதியும் கையொப்பமும் இட்டால் போதும். வைத்தியர் அதன்படி நடக்கவேண்டும். அது சட்டத்துக்கு முரணானால், அல்லது சுயவிருப்பத்தில் எழுதப்பட்டதா என்று நியாயமான சந்தேகம் வந்தால் விலகலாம். அப்போதும் காரணத்தைக் கோப்பில் பதியவேண்டும். நெருங்கியவர் எவரும் 'கெஸ்ப்' அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்.

கெட்ட நோக்கத்தோடு ஆவணத்தைத் திருத்தினாலோ மறைத்தாலோ, குற்றவியல் சட்டத்தின் 251, 254ஆம் பிரிவுகளின்படி 5 ஆண்டுவரை சிறை. ஆனால் உறவினருக்கு எதிராக மறைத்தால், முறைப்பாடு இருந்தால்தான் வழக்கு. நினைவிழந்து கிடக்கும் அம்மா எப்படி முறையிடுவார்?

எங்கள் வீடுகளில் பேனாவால் மாற்றுகிறவர் அரிது. நாவால்தான் நடக்கும். "செயற்கைச் சுவாசம் வேண்டாம்" என்று அம்மா சொன்னதை, "எல்லாம் செய்யுங்கோ" என்று மகன் வைத்தியரிடம் சொல்லுவார். கனடாவிலிருந்து அண்ணர் தொலைபேசியில் அழுவார். அன்புதான் காரணம். அற்புதம் நடக்கும் என்று ஜெபிக்கிறோம், ஜெபிக்கவும் வேண்டும். அதற்காக அம்மாவின் வாக்கை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு வராது. மறுபக்கமும் உண்டு: களைத்துப்போன பிள்ளைகள் "ஏன் இந்தக் கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே கையொப்பம் வாங்குவதும் அதே தப்புத்தான்.

குடும்ப வைத்தியர் முன், வெளி மொழிபெயர்ப்பாளரோடு நிரப்பட்டும். ஒரு பிரதி வைத்தியரிடம், ஒன்று பேசப்போகிறவரிடம். ஆவணம் எங்கே இருக்கிறது என்பதைக் காப்புறுதி அட்டையில் பதியலாம். தமிழில் எழுதலாமா? மொழி எது என்று சட்டம் கேட்கவில்லை; ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் யார் வாசிப்பது? ஜெர்மன் படிவத்தோடு அம்மாவின் கையெழுத்தில் ஒரு தமிழ்த் தாளும் இருந்தால், "அவர் அப்படிச் சொல்லவில்லை" என்று பிறகு வாதாடுவது கடினம்.

பேசப்போகிறவர் மூத்த மகனாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அழுதுகொண்டாவது சொன்னதைச் சொல்லக்கூடியவரைப் போடுங்கள். அது சபையில் ஒரு சிநேகிதியாகவும் இருக்கலாம்.