சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. இன்று வீடு கட்டுகிறவர்களுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. சித்திரம் எதற்கு, சுவரையே விசித்திரமாக்கிவிட்டால் போகிறது என்று துணிந்துவிட்டார்கள். புது வீட்டு ஹாலில் மூன்று சுவர்கள் சாதுவாக நிற்கின்றன. நாலாவது சுவர் மட்டும் மரப்பட்டை போலவும் மணல்மேடு போலவும் மேடு பள்ளமாக முறைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ‘டெக்ஸ்சர் பூச்சு’ என்று பெயர். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்குகிறார்கள்.

மோஸ்தர் என்று சொல்லி நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அப்படிப்பட்ட சுவர் ஒன்றைத் தடவிக் காட்டி, “சித்தன்னவாசல் மாதிரி இல்லை?” என்று கேட்டார் ஓர் அன்பர். அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை.

சித்தன்னவாசலில் நடந்தது இதற்கு நேர் விரோதமான காரியம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிற அந்தக் குன்றைக் குடைந்து சமணர்கள் அறிவர் கோயிலை அமைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. உளி கொத்திய பாறை எப்படி இருக்கும்? நம் அன்பரின் ஹாலைப் போலத்தான் இருக்கும்! அதை ரசித்துக்கொண்டு அவர்கள் நின்றுவிடவில்லை. சுண்ணாம்புக் காரையை மெல்லிசாகப் பூசிப் பாறையின் முரட்டுத்தனத்தை மறைத்தார்கள். அதன்மேல் நயமான சுண்ணாம்பைத் தீற்றி வழவழப்பாக்கினார்கள். தலைக்கு மேலே விதானத்திலும் இந்த வேலை நடந்தது. கையை அண்ணாந்து நீட்டிப் பூசிய பூச்சு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சில இடங்களில் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சுண்ணாம்புக்கு இது இயல்பு. சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அந்தக் கல்லை நம்பித்தான் ஓவியன் தாமரைக் குளத்தை எழுதினான். மீனும் பறவையும் யானையும் பூப்பறிக்கும் மூன்று ஆடவரும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். காரை உதிர்ந்த இடத்தில் சித்திரமும் போயிற்று. பூச்சு தன்னை மறைத்துக்கொண்டது, குளம் தெரிந்தது. பூச்சின் பெருமை அதுவே.

அவ்வளவு பழங்காலத்துக்குப் போவானேன்? பக்கத்துச் செட்டிநாட்டுக்குப் போங்கள். சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்துப் பூசிய சுவரில் கையை வைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கும்; சித்திரை வெயிலிலும் குளுகுளு என்றிருக்கும். அங்கே கொத்தனாரின் பொறுமை தெரிகிறது. இங்கே எதை மறைக்கிறார்கள் தெரியுமா? பொறுமையின்மையை! தூக்குக்குண்டு பிடிக்காமல் கட்டிய சுவரும், அவசரத்தில் பூசி மயிரிழை மயிரிழையாக வெடித்த பூச்சும் வழவழப்பில் தப்ப முடியாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேடு பள்ளத்தில் குட்டும் ஒரு அலங்காரம். ஒழுங்காகச் செய்யாத வேலைக்கு ஒரு கூலி, அதை மறைப்பதற்கு இன்னொரு கூலி!

சினிமாக் கொட்டகையில் எதிரொலியைக் குறைக்கச் சுவரைச் சொரசொரப்பாக்குவது உண்டு. மழையில் நனையும் வெளிச்சுவருக்கும் முரட்டுப் பூச்சு பொருந்தும். அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. படுக்கை அறைச் சுவருக்கு என்ன காரணம்? “என் வீடு, என் ரசனை” என்பார்கள். சரி, ஆனால் அந்தப் பள்ளங்களில் படியும் தூசியைத் துடைக்கப் போகிறவள் யார்? ரசனை ஒருவருடையது, துடைப்பம் வேறொருவருடையது. குழந்தை சாய்ந்தால் முழங்கை சிராய்க்கிறது. சலித்துப்போனால் சுரண்டியோ கொத்தியோ எடுக்க வேண்டும், அதற்கும் செலவு.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர்கள் ஏழைகளுக்கும் புது வீடு தந்தன. ஒரு வாளிச் சுண்ணாம்பில் வருஷத்துக் கறையெல்லாம் மறைந்துவிடும். கல்யாணத்துக்குச் செம்மண் பட்டை அடிக்கலாம். தாத்தாவின் படத்தை மாட்டலாம். பேரன் கரித்துண்டால் யானை வரையலாம். வெறும் சுவர் வீட்டாருக்கு இடம் விட்டு நிற்கிறது. டெக்ஸ்சர் சுவரோ அந்த இடத்தையெல்லாம் தானே அடைத்துக்கொண்டு, என்னைப் பார், என்னைப் பார் என்கிறது.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தச் சதுர அடிக் கணக்குப் பணத்தை நல்ல கொத்தனார் ஒருவரிடம் கொடுங்கள். “அவசரமில்லை ஐயா, மணியாசுப் பலகையை இன்னும் நாலு தரம் ஓட்டுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவர் ஒழுங்காக அமையட்டும். சித்திரம் எழுத வீட்டில் யாராவது பிறப்பார்கள்.