அணைப்பதா, எரியவிடுவதா?

ஆளியை அடிக்கடி போட்டு அணைத்தால் மின்சாதனம் விரைவில் பழுதாகும் என்று கூறி, ஆளில்லாத அறையிலும் விளக்கை எரியவிடுவோர் நம்மிடையே பலர் உளர். கலிபோர்னியாவின் லிவர்மோர் நகர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒளிர்ந்துவரும் மின்குமிழே அவர்கள் காட்டும் பெருஞ்சாட்சி. அணைக்காததால்தான் அது நூறாண்டைக் கடந்ததாம்.

சாட்சி மெய், ஆனால் அது வேறு வழக்கின் சாட்சி. அக்குமிழின் இழை கரியாலானது. சூடேறுகையில் கரியின் மின்தடை குறையும். பிற்காலக் குமிழ்களின் டங்ஸ்டன் இழை இதற்கு நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, ஒளிரும்போது உள்ளதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. ஆகவே ஆளியைப் போட்ட கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. நாட்பட எரிந்து மெலிந்துபோன இடத்தில் இழை அறுகிறது. பழி ஆளிக்கு வருகிறது. இழையை மெலியச் செய்தவையோ, வீணே எரியவிட்ட மணித்தியாலங்களுமல்லவா? லிவர்மோர்க் குமிழ் இன்று ஏறத்தாழ 4 வாற்றில் மங்கி ஒளிர்கிறது. அந்த வெளிச்சத்தில் பத்திரிகை வாசிக்க இயலாது.

அச்சத்தில் உண்மையுள்ள இடம் குழல்விளக்கு. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அதன் மின்வாய்ப் பூச்சு சிறிது தேய்கிறது. ஐந்து நிமிடத்துக்கொரு தடவை போட்டு அணைத்தல் அதற்கு ஆகாது. அதற்காக இரவு முழுவதும் எரியவிடலாமா? 40 வாற் குழல் நாளுக்கு 8 மணித்தியாலம் வீணே எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழப் 10 அலகு. இன்றைய எல்.ஈ.டி. விளக்கிற்கோ ஆளியைவிட வெப்பமே பெரும் பகை.

உண்மையில் அஞ்சவேண்டியது குளிர்சாதனப் பெட்டிக்கே. அதைத்தான் எவரும் கவனிப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. மின்சாரம் வருவதும் உடனே போவதும் மீண்டும் வருவதுமாக இருந்தால், உள்ளேயுள்ள வாயுவின் அழுத்தம் சமப்படுமுன்னரே கொம்பிரசர் இயங்க முனைந்து திணறும், சூடேறும். மின்சாரம் போனதும் பெட்டியின் ஆளியை அணைத்துவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவதற்குச் செலவேதுமில்லை.

லிவர்மோர்க் குமிழும் அணையாவிளக்கன்று. 1976இல் இடம் மாற்றியபோது 22 நிமிடம் அணைந்திருந்து மீண்டும் எரிந்தது. 2013இல் மறுபடி இருண்டபோது ஆயுள் முடிந்ததென்றே எண்ணினர். பழுதாகியிருந்தது குமிழன்று, அதற்கு இடையறாது மின்சாரம் வழங்கவெனப் பூட்டியிருந்த கருவி.